மூடிய கால்வாய்களும் தப்பிய கால்வாய்களும்: கலிபோர்னியாவின் வெனிஸ்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மேற்கு ஓரத்தில், வெனிஸ் என்ற பகுதியில், கடலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், விண்ட்வர்ட் வட்டம் என்றொரு சந்தி இருக்கிறது. மெயின் தெரு, விண்ட்வர்ட் அவென்யூ, கிராண்ட் பூலவார்டு மூன்றும் கூடும் இடம். கார்கள் சுற்றி வந்து பிரிந்து போகின்றன. வட்டத்தின் அளவுதான் கொஞ்சம் உறுத்தும். இவ்வளவு சிறிய தெருக்கள் சந்திப்பதற்கு இவ்வளவு பெரிய வட்டம் எதற்கு?

1905-ல் அது சந்தியே இல்லை, உப்புநீர்க் குளம். கரையில் படிவரிசை கட்டி, அதில் உட்கார்ந்து மக்கள் நீச்சல் பார்த்தார்கள். குளத்திலிருந்து கால்வாய்கள் கிளம்பின. இன்றைய மெயின் தெரு அன்று கோரல் கால்வாய். விண்ட்வர்ட் அவென்யூவின் கிழக்குப் பாதி லயன் கால்வாய். சான் வான் அவென்யூ வீனஸ் கால்வாய். மார்க்கெட் தெரு அல்டெபரான் கால்வாய். கப்ரியோ அவென்யூவும் அல்டேர் பிளேஸும் பழைய கால்வாய்ப் பெயர்களை விடாமல் வைத்திருக்கின்றன. கிராண்ட் பூலவார்டுதான் கிராண்ட் கால்வாய் என்ற பெருங்கால்வாய்: சுமார் 70 அடி அகலம், 4 அடி ஆழம், அரை மைல் நீளம். எல்லாவற்றின் மேலும் இப்போது தார்.

அங்கிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் தண்ணீர் ததும்பும் கால்வாய்கள் ஆறு வருகின்றன. வளைந்த சிறு பாலங்கள், கரையில் கட்டிய படகுகள், வாத்துகள், நம்பமுடியாத விலைக்குப் போகும் வீடுகள். சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு, இந்த ஊரை உருவாக்கிய அபட் கின்னி வெட்டிய கால்வாய்களைப் பார்த்துவிட்டதாகத் திரும்புகிறார்கள். கின்னி வெட்டியவை மண்ணுக்கடியில் இருக்கின்றன. அவர்கள் பார்த்தவை, கின்னியின் புகழை வைத்து மனை விற்கலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் வெட்டியவை.

அசல் செத்து நகல் எப்படிப் பிழைத்தது? இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். காரின் வருகைதான் காரணம் என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைத் தண்ணீரிடமும் வரிக் கணக்கிடமும் கேட்க வேண்டும்.

நிலம்

சாண்டா மோனிகா விரிகுடாவின் நடுப்பகுதியில், வடக்கிலும் தெற்கிலும் மேட்டுநிலம் இருக்க, இடையில் ஒரு பள்ளம். பயோனா ஓடை அதன் வழியே கடலுக்கு வருகிறது. இன்று பார்ப்பவர்களுக்கு அது கான்கிரீட் போட்ட ஒரு வடிகால். ஆனால் இந்தப் பள்ளத்தை உண்டாக்கியது அந்த ஓடை மட்டும் அல்ல. 1825 வரை லாஸ் ஏஞ்சலஸ் ஆறே மேற்கு நோக்கித் திரும்பி இந்த வழியாகத்தான் கடலில் கலந்தது. அந்த ஆண்டு வந்த பெருவெள்ளத்தில் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டு தெற்கே சான் பெட்ரோ பக்கம் போய்விட்டது. ஓர் ஆற்றுக்கான முகத்துவாரம் இங்கே கிடக்க, அதைத் திறந்து வைத்திருக்கும் வலு இல்லாத ஓடை ஒன்று மிச்சமானது.

இப்படிப்பட்ட முகத்துவாரம் என்ன செய்யும் என்பதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து மணல்திட்டை உடைக்கும். கோடையில் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கும். உள்ளே உப்பங்கழி, சதுப்பு, உவர்ப்புல், பறவைகள். டோங்வா பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக இந்தக் கழியோரத்தில் மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்தார்கள். 1839-ல் மெக்சிகோ ஆட்சி மச்சாடோ, தலமாந்தெஸ் குடும்பங்களுக்கு 13,920 ஏக்கரை மாட்டுப் பண்ணை நிலமாக எழுதிக்கொடுத்தது. ராஞ்சோ லா பயோனா என்று பெயர். மாட்டுப் பண்ணைக்குச் சதுப்பு உதவாது. அதனால் அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

முதலில் தொந்தரவு செய்தவர் கின்னி அல்ல, எம். எல். விக்ஸ். 1880-களின் பிற்பகுதியில், தெற்குக் கலிபோர்னியாவில் நிலவிலை பித்துப்பிடித்து ஏறியபோது, கழியைத் தோண்டி ‘போர்ட் பயோனா’ என்று துறைமுகம் கட்டப் புறப்பட்டார். ரயில் பாதையும் வந்தது. மணலும் வந்தது. சில ஆண்டுகளில் பணம் தீர்ந்து திட்டம் படுத்துவிட்டது. இந்தக் கழிமுகத்தில் வாயைத் திறந்து வைப்பதுதான் முழுச் சிக்கலும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது மறந்துபோனது. மனை வியாபாரத்துக்கு நினைவாற்றல் குறைவு.

ஆள்

அபட் கின்னி 1850-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அண்ணனுடன் சேர்ந்து நடத்திய சிகரெட் வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்தார். சிகரெட்டால் பணக்காரரானவருக்கு ஆஸ்துமா. உலகமெல்லாம் சுற்றி, 1880-ல் கலிபோர்னியாவின் சியரா மாட்ரே மலையடிவார விடுதி ஒன்றுக்கு வந்து சேர்ந்தபோது அறை காலி இல்லை என்றும், பில்லியர்ட்ஸ் மேசையில் படுத்துத் தூங்கிக் காலையில் எழுந்தபோது மூச்சு சீராக இருந்தது என்றும், அதனாலேயே அங்கேயே தங்கிவிட்டார் என்றும் கதை சொல்வார்கள். கதை சற்று மெருகேறியிருக்கலாம். தங்கியது நிஜம்.

அவரை வெறும் மனை வியாபாரியாகப் பார்ப்பது அநியாயம். கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள் நிலமிழந்த கொடுமையைப் பற்றி எழுத்தாளர் ஹெலன் ஹன்ட் ஜாக்சனோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் விசாரித்து 1883-ல் அரசுக்கு அறிக்கை தந்தவர். மாநில வனவாரியத்துக்குத் தலைமை தாங்கியவர். தைல மரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். மலையில் மரத்தை வெட்டினால் கீழே தண்ணீருக்கு என்ன ஆகும் என்று அந்தக் காலத்திலேயே பேசியவர். அப்படிப்பட்டவர் கழிமுகத்தின் தண்ணீரைத் தவறாகக் கணக்குப் போட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம்.

1891-ல் பிரான்சிஸ் ரயன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சாண்டா மோனிகாவுக்குத் தெற்கே கடற்கரை நிலம் வாங்கினார். வடபாதியில் ஓஷன் பார்க் என்ற உல்லாச ஊர் எழுந்தது. 1898-ல் ரயன் இறந்தார். பங்கு கைமாறிக் கைமாறி, கின்னிக்கு ஒத்துவராத கூட்டாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. 1904 தொடக்கத்தில் பிரிந்துவிடுவது என்று முடிவானது. நாணயம் சுண்டி, ஜெயித்தவர் விரும்பிய பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஜெயித்தவர் கின்னி. கட்டடங்களும் வருமானமும் உள்ள வடபாதியை விட்டுவிட்டு, மணலும் சதுப்புமான தென்பாதியை அவர் கேட்டதும் மற்றவர்கள் வாயடைத்துப் போனார்களாம்.

வெட்டியதும் நிரப்பியதும்

சதுப்பு நிலத்தில் மனை போட வேண்டுமானால் மண் வேண்டும். மண் வேண்டுமானால் எங்காவது தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். கால்வாய்ப் புறநகர் என்பது உலகில் எங்கே தோன்றினாலும் அடிப்படையில் இந்தக் கணக்குதான். பள்ளத்தை மறைக்க முடியாது, ஆகவே பள்ளத்துக்கு அலங்காரம் செய்து அதையே விலை பேசுவது. கின்னி அந்தக் கணக்கின் மேல் ஒரு கனவையும் ஏற்றினார். ஊருக்கு ‘அமெரிக்காவின் வெனிஸ்’ என்று பெயர். வெறும் குளியல் கடற்கரை அல்ல. சொற்பொழிவும் சங்கீதமும் கலையும் நிறைந்த ஊர்.

கட்டட வடிவமைப்பை நார்மன் மார்ஷ், ரசல் என்ற இருவரிடம் ஒப்படைத்தார். விண்ட்வர்ட் அவென்யூவின் இருபுறமும் இத்தாலியப் பாணியில் தூண்களும் வளைவுகளும் கொண்ட நடைக்கூடங்கள் எழுந்தன. அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. குதிரைகள் இழுக்கும் மண்வாரிகளும் நீராவி இயந்திரங்களும் கால்வாய் தோண்டின. 1905-ன் தொடக்கத்தில் அடித்த புயல்கள் கடலுக்குள் நீளும்படி கட்டிக்கொண்டிருந்த பாலத்துறையையும் அரங்கத்தையும் நொறுக்கிப் போட்டன. இரவுபகலாக ஆள் வைத்து மறுபடி கட்டினார். ஜூன் 30 அன்று கின்னியின் மனைவி அடைப்பானைத் திறக்க, கடல்நீர் குழாய்கள் வழியே கால்வாய்களுக்குள் பாய்ந்தது. ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று, ஊர் திறப்பு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மின்ரயில்கள் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. இத்தாலியிலிருந்து கோண்டோலா என்ற வெனிஸ் படகுகளும் அவற்றை ஓட்டுபவர்களும் வந்திருந்தார்கள். ஊரைச் சுற்ற ஒரு குட்டி ரயில் இருந்தது; அது 1925 வரை ஓடியது. வீடு கட்ட வசதி இல்லாதவர்களுக்குக் கால்வாய்க் கரையில் கூடாரங்கள் வாடகைக்குக் கிடைத்தன.

பண்பாட்டுக் கனவு ஒரு கோடைக்குக்கூடத் தாங்கவில்லை. சொற்பொழிவுக்கு ஆள் சேரவில்லை, கடல் குளியலுக்கும் வேடிக்கைக்கும் சேர்ந்தது. கின்னி பிடிவாதக்காரர், ஆனால் கணக்குத் தெரிந்தவர். போர்ட்லேண்டில் 1905-ல் நடந்த லூயிஸ்-கிளார்க் பொருட்காட்சியிலிருந்து கேளிக்கைக் கூடங்களை வாங்கி வந்து அடுத்த ஆண்டு குளத்தின் கரையில் நிறுத்தினார். 1906-ல் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் அந்த அரங்கத்தில் நடித்தது ஒரு மின்னல். அதன் பிறகு ஊர் ராட்டினங்களின் ஊர்தான். லாபமும் அதில்தான் வந்தது.

இந்த ஊரைக் கட்டிய கைகளில் கறுப்பின மக்களின் கைகளும் உண்டு. வேலை தேடி வந்தவர்கள் குடியிருக்க ஓக்வுட் என்ற பகுதி மட்டுமே கிடைத்தது. கடற்கரை மனைகளின் பத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை பரவலாக எழுதப்பட்ட காலம். ஊரின் திருவிழா அலங்காரங்களைச் செய்த ஆர்தர் ரீஸ் அந்தச் சமூகத்தவர். கின்னியின் காரோட்டி இர்வின் டேபரும் அப்படித்தான். கின்னி தன் வீட்டையே டேபருக்கு உயில் எழுதி வைத்தார். அக்கம்பக்கத்தார் அவர் அங்கே குடியிருக்க விடவில்லை. டேபர் வீட்டைத் துண்டுகளாக அறுத்து ஓக்வுட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்திக்கொண்டார். அந்த வீடு இன்னும் அங்கே நிற்கிறது. வெனிஸின் கால்வாய்களைப் பற்றிப் பேசும்போது இதை ஓரத்தில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நீர்முகத்தில் யாருக்கு இடம் என்பதும் புவியியல்தான்.

நகல்

கின்னியின் நிலத்துக்குத் தெற்கே, மின்ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சதுப்பு வேறு ஆட்களுடையது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கடற்கரைக்கு நேரே ஓடிய அந்தப் பாதைக்கு ‘ஷார்ட் லைன்’ என்று பெயர். அதே பெயரில் ஒரு மனைப்பிரிவு போடப்பட்டது. கின்னியின் ஊர் திறந்த கையோடு, கிழக்கு மேற்காக நான்கு கால்வாய்கள் நேர்க்கோட்டில் வெட்டப்பட்டன: வடக்கிலிருந்து கேரல், லின்னி, ஹவ்லண்ட், ஷெர்மன். கிழக்கு முனைகளை இணைக்க ஈஸ்டர்ன் கால்வாய். மேற்கு முனைகளை இணைப்பது கிராண்ட் கால்வாயின் தெற்கு நீட்சி. அது மேலும் தெற்கே போய்ப் பயோனா கழியில் சேர்ந்தது.

வரைபடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனோபாவ வித்தியாசம் தெரியும். கின்னியின் கால்வாய்கள் குளத்திலிருந்து விரிந்து, வளைந்து, ஒன்றையொன்று தீவுகளாகச் சூழ்ந்து போகின்றன. ஒரு கலைஞனின் கோடு. தெற்கில் உள்ளவை அளவுகோல் வைத்துக் கிழித்த கட்டம். வீட்டின் முகம் கால்வாயைப் பார்க்கும், முதுகில் சந்து. படித்துறையோ கொலுமண்டபமோ கிடையாது. அழகில் நகல்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த முதுகுச் சந்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏன் நாறியது

கின்னியின் கால்வாய்களுக்கு ஆற்று நீர் கிடையாது. நிலத்துக்குச் சரிவும் கிடையாது. தண்ணீரை நகர்த்தக்கூடிய ஒரே சக்தி கடலின் ஏற்றவற்றம். வடமேற்கில் கடலிலிருந்து குழாய் வழியே புதுநீர் நுழைய வேண்டும். கால்வாய்களைச் சுற்றிவிட்டு, தெற்கே கிராண்ட் கால்வாய் வழியாகப் பயோனா கழிக்குப் போய், அங்கிருந்த மதகுகள் வழியாக வற்றத்தோடு கடலுக்குத் திரும்ப வேண்டும். காகிதத்தில் சரியான சுற்று.

நடைமுறையில் இரண்டு முனையும் பலவீனம். அலையடிக்கும் மணற்கரையில் குழாயின் வாயை மணல் அடைப்பது நிச்சயம். மறுமுனையில் இருக்கும் கழியின் வாயோ, நாம் பார்த்தபடி, இயற்கையிலேயே அடைந்துகொள்ளும் சுபாவம் உடையது. இடையில் 4 அடி ஆழம், முட்டுச்சந்துகள், கரையிலிருந்து இறங்கும் வீட்டுக் கழிவு. கலிபோர்னியாவின் கோடையில் மாதக்கணக்கில் மழையும் பெய்யாது. சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தது. தென்னைமட்டை ஊறும் குட்டையின் வாடையை முகர்ந்தவர்களுக்கு அந்தக் கரை வீடுகளின் ஆகஸ்ட் மாதத்தை ஊகிப்பது கடினமல்ல. 1912 வாக்கில் மாநிலச் சுகாதார வாரியம் கால்வாய்களைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றே அறிவித்தது. அது ஃபோர்டின் கார் வீடுதோறும் வருவதற்கு முன்னால் என்பதைக் கவனிக்க வேண்டும். கார்தான் கால்வாயைக் கொன்றது என்று சொல்பவர்கள், காருக்கு முன்னரே நோயாளி படுக்கையில் கிடந்ததை விட்டுவிடுகிறார்கள்.

ஒப்பிட ஓர் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. அதே ஆண்டுகளில், சுமார் முப்பது மைல் தெற்கே லாங் பீச்சில் ஆர்தர் பார்சன் என்பவர் ‘நேப்பிள்ஸ்’ என்ற கால்வாய் ஊரைத் தொடங்கினார். அதுவும் சதுப்பு, அதுவும் இத்தாலியப் பெயர், அதுவும் கோண்டோலா ஆசை. ஆனால் அது அலமிடோஸ் விரிகுடாவின் உள்ளே இருக்கும் தீவுகளில் அமைந்தது. கால்வாயின் முனைகள் விரிகுடாவில் திறக்கின்றன. கடல் தானே வந்து தானே போகிறது, குழாய் தேவையில்லை. 1933 நிலநடுக்கத்தில் அதன் கரைச்சுவர்கள் சிதைந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் புதிதாகக் கட்டப்பட்டன. கால்வாய்களை மூடும் நிலை அங்கே வரவில்லை. ஒரே காலத்தில், ஒரே மோகத்தில் பிறந்த இரண்டு ஊர்கள். ஒன்றுக்கு வாய் இருந்தது, மற்றதற்கு வைக்கோல் குழல்தான் இருந்தது.

1920

அந்த ஆண்டு ஊருக்குக் கெட்ட கிரகம். ஜனவரியில் மதுவிலக்கு வந்து உணவகங்களின் வருமானத்தை வெட்டியது. நவம்பரில் கின்னி இறந்தார். டிசம்பரில் அவருடைய பாலத்துறை தீப்பிடித்து எரிந்தது. குடும்பத்தார் உடனே மறுபடி கட்டினார்கள், கூட்டமும் வந்தது. ஆனால் வந்தவர்கள் இப்போது ரயிலில் வரவில்லை. வாரயிறுதியில் காரோடு வந்து, நிறுத்த இடமில்லாமல் திண்டாடினார்கள். வியாபாரிகள் கண்ணுக்குக் கால்வாய்கள் தண்ணீராகவே தெரியவில்லை; வீணாகிக் கிடக்கும் அகலமான சாலைகளாகத் தெரிந்தன.

நகராட்சியே திணறிக்கொண்டிருந்தது. ஓஷன் பார்க் என்றிருந்த தன் நகராட்சிப் பெயரை 1911-ல் வெனிஸ் என்று மாற்றிக்கொண்ட அந்தச் சிறு நகரம், சாலை, வடிகால், அரசியல் சண்டை என்று எல்லாவற்றிலும் மூச்சு முட்டி, 1925 அக்டோபர் வாக்கெடுப்பின் மூலம் லாஸ் ஏஞ்சலஸோடு இணைய ஒப்புக்கொண்டது. பெரிய நகரத்துக்குக் கோண்டோலாவில் ஆர்வமில்லை. கால்வாய்களைத் தூர்க்கும் பேச்சு இணைப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. கரையோர வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். நாங்கள் வாங்கியது நீர்வழியோரம் உள்ள மனை, இந்தக் கால்வாய்கள் என்றென்றைக்கும் நீர்வழிகளாக இருக்கவே பொதுமக்களுக்கு விடப்பட்டவை என்பது அவர்கள் வாதம். போக்குவரத்துக்கென விடப்பட்ட வழியில் படகுக்குப் பதில் வண்டி போவதும் போக்குவரத்தே என்பது எதிர்வாதம். பல ஆண்டுகள் இழுத்து, நகரத்தின் பக்கம் தீர்ப்பானது. 1929-ல் லாரிகள் மண் கொண்டுவந்து கொட்டின. குளமும் மூடப்பட்டது. அதன் செலவை ஏற்றதும் கரையோர மனைக்காரர்களே, சிறப்பு வரியாக.

இங்கேதான் கதையின் முடிச்சு. இத்தகைய பணிகளுக்கு அன்றைய அமெரிக்க நகரங்கள் பொதுக் கஜானாவிலிருந்து செலவிடுவதில்லை. பயன்பெறும் மனைகளின் மேல் செலவைப் பங்கு போட்டு வசூலிப்பார்கள். கின்னியின் பகுதியில் வீடுகள் நெருக்கம், கடைகள் அருகில், வரியைத் தாங்கும் மனைகள் ஏராளம். தெற்கே ஷார்ட் லைன் பகுதியில் பாதி மனைகள் புல் முளைத்துக் கிடந்தன. அங்கே தூர்க்கும் செலவைப் பங்கு போட்டால் ஒவ்வொரு மனைக்கும் விழும் தொகையை யாராலும் கட்ட முடியாது. பிறகு பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு வந்தது, பேச்சே அடங்கியது. போதாததற்கு, முதுகுச் சந்து இருந்ததால் அந்த வீடுகளுக்கு வண்டி போகக் கால்வாயை மூடியே ஆக வேண்டும் என்ற அவசரமும் குறைவு என்பது என் கணிப்பு.

ஆக, கின்னியின் கால்வாய்களை மூட வைத்தது அவருடைய வெற்றி. நகல் பிழைத்தது மனை விற்காததால்.

எண்ணெய்

பிழைத்ததைப் பிழைப்பு என்று சொல்லவும் கூசும். 1929 டிசம்பரில், வடக்கே கால்வாய்கள் தூர்ந்த அதே ஆண்டில், தெற்கே கடற்கரை ஓரம் எண்ணெய் கிடைத்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கிணறுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மரக் கோபுரங்கள். கழிவு கால்வாயில் இறங்கியது. பத்து ஆண்டுகளில் எண்ணெய் வளம் சரிந்தது, அழுக்கு தங்கியது. 1942-ல் கரையோர நடைபாதைகள் இடிந்துபோய் ஆபத்தானவை என்று நகரம் அடைத்து வைத்தது. தெற்குக் கழியின் பெரும்பகுதியோ 1957-க்குப் பிறகு தோண்டப்பட்டு, 1965-ல் மரினா டெல் ரே என்ற மாபெரும் படகுத் துறையாகத் திறக்கப்பட்டது. விக்ஸின் துறைமுகக் கனவு, கான்கிரீட்டும் அரசுப் பணமும் சேர்ந்தபோது, எண்பது ஆண்டுகள் தாமதமாகப் பலித்தது.

பாழடைந்த கால்வாய்க் கரைகளில் வாடகை குறைவு. எழுத்தாளர்கள், ஓவியர்கள், முதியவர்கள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வந்து குடியேறினார்கள். கால்வாய்களைச் சீர்படுத்தத் திட்டங்கள் வந்தபோதெல்லாம் அதே பழைய சிறப்பு வரி குறுக்கே நின்றது. ஆழப்படுத்திப் பெரிய படகுகள் வரச் செய்யும் யோசனைக்கு வாடகைக்காரர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. செலவு யார் தலையில் விழும், அதன் பிறகு அங்கே யார் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1982-ல் கால்வாய்கள் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் சுமார் 60 லட்சம் டாலர் செலவில் தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, கரைகளைப் புதிதாகக் கட்டி, நடைபாதை போட்டு, 1993-ல் திறந்தார்கள். குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் அஞ்சியபடியே நடந்தது. இன்று அந்தக் கட்டத்துக்குள் ஒரு சிறு மனைகூடச் சாதாரணச் சம்பளக்காரர்களின் கணக்குக்கு அப்பாற்பட்டது.

தண்ணீரின் பாதையும் மாறிவிட்டது. இப்போது கடல்நீர் படகுத் துறையின் நுழைவாயில் வழியாக உள்ளே வருகிறது. மிஞ்சியிருக்கும் பயோனா கழியில் ஏறி, கிராண்ட் கால்வாயில் வடக்கே போய், வாஷிங்டன் பூலவார்டு அருகே மதகைக் கடந்து கால்வாய்களில் பரவுகிறது. வற்றத்தில் அதே வழியே இறங்குகிறது. கின்னி ‘வெளியேறும் வழி’ என்று வைத்த முனைதான் இன்று உள்ளே வரும் வழி. அந்த முனையை மணல் அடைக்காமல் காப்பது, அவருக்குக் கிடைக்காத, படகுத் துறைக்காகப் போட்ட கல்லணைகள்.

கிராண்ட் பூலவார்டு வட்டத்திலிருந்து தென்கிழக்காக வந்து, பழைய மின்ரயில் பாதை இருந்த வெனிஸ் பூலவார்டில் முடிகிறது. அந்த அகலமான சாலையைக் கடந்து சற்று நடந்தால் கிராண்ட் கால்வாய் தொடங்குகிறது. வடக்கே கார்கள் நிறுத்தியிருக்கின்றன, தெற்கே துடுப்புப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன.